ஸ்காட்லாந்து நடனங்களுக்கு மூலம் தேடுவது எப்படி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், அந்த வரிசையில் ஸ்காட்லாந்து நடனங்களையும் தாராளமாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை தயாராக இருக்கும். குறுக்காக வைத்த வாள்களுக்கு மேல் ஆடும் கில்லி காலம் நடனத்தை, 1054-இல் ஸ்காட்லாந்து மன்னன் மக்பெத்தின் தளபதி ஒருவனை வீழ்த்திய, பின்னால் தானும் மன்னனான மால்கம் கேன்மோர்தான் முதலில் ஆடினாராம். கதையை ரசியுங்கள், ஆனால் தேடலை அங்கே தொடங்காதீர்கள்.

முதலில் பெயர், மெட்டு, ஆடும் முறை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தேடுங்கள், ஏனென்றால் மூன்றும் ஒரே சமயத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. டாஷிங் ஒயிட் சார்ஜன்ட் என்ற நடனத்தின் மெட்டு ஹென்றி பிஷப் என்ற லண்டன்காரர் போட்டது. இன்று மும்மூன்று பேராக எதிரெதிரே நின்று ஆடுகிறார்களே, அதன் வயதை அந்த மெட்டை வைத்துச் சொல்லவே முடியாது.

அடுத்து, தேதியுள்ள பழைய தாளைத் தேடுங்கள். டேவிட் யங் பெர்த் பிரபுவுக்காக 1734-இல் எழுதிய கையெழுத்துப் பிரதியும் 1749-இன் மென்சீஸ் பிரதியும் முக்கியமானவை. கூடவே 1651-இல் லண்டனில் பிளேஃபோர்ட் வெளியிட்ட நடனப் புத்தகத்தையும் புரட்டுங்கள், ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் கன்ட்ரி டான்ஸ் என்ற வடிவமே இங்கிலாந்திலிருந்து வடக்கே போனதுதான் (இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்). பழைய இசைப் புத்தகங்கள் பலவற்றை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது.

தாளில் இல்லை என்பதால் நடனமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரீல் என்ற ஆட்டம் 1591-இல் வந்த ஒரு சூனிய வழக்குப் பிரசுரத்தில் தலைகாட்டுகிறது! காலடிகளைத் தெளிவாக விவரிக்கும் அபர்டீன் நடன ஆசிரியர் பிரான்சிஸ் பீகாக்கின் புத்தகமோ 1805-இல்தான் வருகிறது.

1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய, இன்று ராயல் பட்டத்தோடு இருக்கும் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சங்கத்தின் புத்தகங்களில் ஒவ்வொரு நடனத்துக்கும் அது எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இருக்கும். நல்ல வழிகாட்டிதான், ஆனால் பழைய பிரதிகளில் ஆடும் முறை பற்றி ஓரிரு வரிதான் இருக்கும் என்பதால் இடைவெளிகளைச் சங்கத்தார் தங்கள் புரிதலை வைத்து நிரப்பினார்கள். எனவே மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சரி, கதைகளை என்ன செய்வது? ஷான் ட்ரூஸ் நடனத்தை எடுத்துக்கொள்வோம். 1746-இன் தடைச்சட்டம் ஆண்கள் அணியும் பாவாடை போன்ற கில்ட்டைப் பறித்ததால், திணிக்கப்பட்ட கால்சட்டையை உதறுவதுபோல் ஆடுகிறார்கள் என்பது கதை. சட்டத்தையே எடுத்துப் படியுங்கள். ஸ்காட்லாந்து மலைப்பகுதியான ஹைலேண்டின் உடைக்கு 1782 வரை தடை இருந்தது உண்மை, நடனத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அப்புறம் இந்தக் கதை முதலில் எப்போது அச்சேறியது என்று பாருங்கள். 1822-இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்து டார்டன் என்ற கட்டம் போட்ட துணி மேல் மோகம் கிளம்பிய பிறகுதான் ஒரு கதை தென்படுகிறது என்றால், என்னைப் பொறுத்தவரை அது அந்த மோகத்துக்குத்தான் சாட்சி.

வாய்மொழிக்கு டோபர் அன் டுவல்கைஸ் என்ற ஸ்காட்லாந்து இணையக் காப்பகத்தின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். நீங்களே பெரியவர்களிடம் விசாரித்தால், நடனம் எவ்வளவு பழையது என்று கேட்காமல் யார் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த ஊரில், அவர் யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ஊர் ஊராகச் சுற்றிய நடன ஆசிரியர்கள் பலர் அப்படித்தான் பிடிபடுவார்கள்.

பழக, பிறப்பு தெரிந்த ஒன்றில் தொடங்கலாம்: 51-ஆம் டிவிஷன் ரீல், 1940-இல் பிரான்சில் பிடிபட்ட அந்த ராணுவப் பிரிவின் ஸ்காட்லாந்து அதிகாரிகள் ஜெர்மன் போர்க்கைதி முகாமில் உருவாக்கியது. மற்றவற்றுக்குக் குறிப்பெழுதும்போது "1734-இல் தோன்றியது" என்று எழுதாமல் "1734-க்குள் இருந்தது" என்றே எழுதுங்கள்.