தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள்: அகழாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறந்தோரைப் பெரிய மண்கலங்களான தாழிகளில் புதைத்த ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தபோது கிடைத்த வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. தாழிக்குள் இருந்த மண்ணை அன்று யாரும் பெரிதாகத் தேடவில்லை. மண்ணை நீரில் மிதக்கவிட்டு விதை பிரிக்கும் முறையே 1960களில்தான் பரவியது. அரசரைப் பற்றிக் கல்வெட்டு பேசும். குயவரும் கொல்லரும் நெசவாளரும் என்ன உண்டார்கள், எப்படி உழைத்தார்கள் என்று கேட்டால் இந்த மண்ணையும் உடைந்த பானை ஓட்டையும்தான் கேட்க வேண்டும். கீழே உள்ள தவறுகளில் பல, எதையாவது குப்பை என்று ஒதுக்குவதில்தான் தொடங்குகின்றன.

தாழியை இழுப்பதும் கொட்டுவதும்

கிணறு வெட்டும்போதோ பொக்லைன் ஓடும்போதோ தாழி தென்பட்டால் வாயைப் பிடித்து இழுக்கிறார்கள். உள்ளே இறங்கிய மண்ணின் எடை தாங்காமல் அது விண்டுபோகும். தோண்டுவதை நிறுத்தி, வெயில் படாமல் மூடி, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தகவல் சொல்லுங்கள். திடீரென்று காய்ந்தால் எலும்பும் ஓடும் வெடிக்கும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும்.

அகழாய்வில் விரிசல் விட்ட தாழிக்கு முதலில் துணிப்பட்டை சுற்ற வேண்டும். பிறகு உள்மண்ணை 5 அல்லது 10 செ.மீ. கனமாகப் படிப்படியாக எடுத்து, ஒவ்வொரு படிக்கும் தனிப் பை, தனிச் சீட்டு. அடியில் இருப்பது ஈமச்சடங்கின்போது வைத்தது. மேலே இருப்பது மூடி உடைந்த பின் மழைநீரோடு இறங்கியதாக இருக்கலாம். இரண்டையும் கலந்தால் பிற்கால விதை படையலாகிவிடும். தாழிக்கு வெளியிலிருந்தும் ஒரு பை மண் எடுக்க வேண்டும். அதில் இல்லாதது உள்ளே இருந்தால்தான் அது வைக்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம். கருகிய தானியத்துக்கு அரை மில்லிமீட்டர் வலையாவது தேவை. கட்டடச் சல்லடையில் எல்லாம் நழுவிவிடும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 1155 என்ற காலக்கணிப்பைத் தந்தது தாழியில் மண்ணோடு கிடைத்த நெல் உமிதான்.

கழுவிவிடுவது

கிடைத்ததை உடனே கழுவும் ஆசை நல்லதல்ல. பானையின் உட்புறம் ஒட்டிய எண்ணெய், உணவு எச்சத்தைச் சோதிக்க வேண்டுமானால் சில ஓடுகளையாவது கழுவாமல் பொதிந்து வைக்க வேண்டும். மற்றவற்றை மென்மையான தூரிகையால் கழுவலாம். கம்பித் தூரிகையின் கோடு பிறகு, அக்கால மக்கள் பானையில் கீறிய குறியீடாக வாசிக்கப்படும். இரும்பை நனைக்கவே கூடாது. மரபணு ஆய்வுக்கான எலும்பைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்துதான் எடுக்க வேண்டும். கரித்துண்டைச் சுத்தமான இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடியுங்கள். பஞ்சிலும் காகிதத்திலும் இக்காலக் கரிமம் இருப்பதால் வயது குறைந்து காட்டும்.

ஆழத்தை வயதாக எண்ணுவது

மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான். மூன்று மீட்டர் ஆழத்தில் கிடைத்ததாலேயே ஓர் ஓடு பழையதாகிவிடாது. சுடுமண் வளையங்களை அடுக்கி உறைகிணறு தோண்டியவர்கள் தங்களுக்கு முந்தைய மண்ணடுக்குகளைக் குடைந்துகொண்டுதான் இறங்கினார்கள். எலி வளையும் வேரும் அதே வேலையைச் செய்யும். எனவே செ.மீ. கணக்கோடு, எந்த அடுக்கு, அதை எந்தக் குழி வெட்டியது என்பதையும் குழியின் பக்கச்சுவரில் பார்த்து வரைய வேண்டும். நிற வேறுபாடு மங்கலாக இருந்தால் சுவரில் லேசாக நீர் தெளித்துப் பாருங்கள்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரி கி.மு. 580 என்று வந்தது. அது அந்த மாதிரியின் காலம். ஊர் முழுவதற்கும் அது பிறந்தநாள் அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை கதிரியக்கக் கரிம அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் அளவுகோடு தட்டையாகக் கிடக்கிறது. அக்காலத்து மாதிரி ஒன்று சில நூற்றாண்டு அகலமுள்ள வீச்சையே தரக்கூடும். செய்தித்தாளில் ஒற்றை ஆண்டு வரும்போது அதன் வீச்சையும் தேடிப் படிக்க வேண்டும். முதிர்ந்த மரத்தின் கரி, வெட்டிய ஆண்டைவிடப் பழைய காலத்தைக் காட்டும். ஓராண்டுப் பயிரான நெல்லில் அந்தக் குழப்பம் இல்லை.

அழகானதை மட்டும் பொறுக்குவது

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிகளைவிட மணி செய்த கழிவு அதிகம் சொல்கிறது. முடிந்த மணி வணிகத்தில் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பாதி துளையிட்டு உடைந்த கல்லையும் சில்லுகளையும் யாரும் சுமந்து வர மாட்டார்கள். அவை கிடக்கும் இடத்தில் பட்டறை இருந்தது என்று நம்பலாம். இரும்பை உருக்கும்போது கழிவாக எஞ்சும் கசடும் அப்படியே. அதைக் குவித்து எறியாமல், குழிவாரியாக எடைபோட்டுப் பதிந்தால் உலை எந்தப் பக்கம் இருந்தது என்று தேட வழி கிடைக்கும்.