ரெண்டு யூசர்ல ஆரம்பிங்க: நியூரல் நெட்வொர்க் வச்சு பவர் கன்ட்ரோல்

கல்யாண மண்டபத்துல நாலு ஜோடி பக்கத்து பக்கத்துல நின்னு பேசுறாங்கன்னு வைங்க, ஒருத்தர் சத்தத்தைக் கூட்டினா அடுத்தவரும் கூட்டுவாரு, கடைசில யாருக்கும் எதுவும் கேக்காது. வயர்லெஸ்லயும் ஒரே ஃப்ரீக்வென்சில பல யூசர் (ஒரு யூசர்னா அனுப்புறதும் வாங்குறதும் சேர்ந்த ஒரு ஜோடி) இருந்தா இதே கூத்துதான். யாரு எவ்வளவு பவர்ல அனுப்பணும்னு முடிவு பண்ண 2011ல வந்த டபிள்யூஎம்எம்எஸ்இ மாதிரி நல்ல அல்காரிதம் இருக்கு, ஆனா அது திரும்பத் திரும்ப கணக்கு போட்டுத்தான் விடைக்கு வரும், அதுக்குள்ள சேனல், அதாவது சிக்னல் போற பாதையோட நிலைமை, மாறிடும். பழக்கி வச்ச நியூரல் நெட்வொர்க்னா ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடும்.

கோலாப்ல (பிரவுசர்லயே பைத்தான் ஓட்டுற கூகுள் சேவை) பைடார்ச்ங்கிற நியூரல் நெட்வொர்க் லைப்ரரி போதும். டேட்டா டவுன்லோட் பண்ண வேணாம். ராலே ஃபேடிங்ல (சிக்னல் பல பாதைல சிதறி வர்றதுக்கான மாடல்) சேனல் கெயின், அதாவது அனுப்புன பவர்ல எவ்வளவு போய்ச் சேருதுங்கிற விகிதம், எக்ஸ்போனென்ஷியலா பரவியிருக்கும், அதனால சராசரி 1 வச்சு எக்ஸ்போனென்ஷியல் ரேண்டம் நம்பர் எடுத்துட்டாலே ஆச்சு. 2 யூசருக்கு ஒரு சாம்பிள்ல 4 கெயின் (ஒவ்வொரு அனுப்புறவர்கிட்ட இருந்தும் ஒவ்வொரு வாங்குறவருக்கும் ஒண்ணு), அப்படி 10,000 சாம்பிள் எடுங்க. அதிகபட்ச பவர் 1, நாய்ஸ் 0.1.

அடுத்து நெட்வொர்க்: 4 இன்புட், 64 நியூரான் வச்ச லேயர் ரெண்டு, 2 அவுட்புட். கடைசில சிக்மாய்ட் போட்டா பவர் 0க்கும் 1க்கும் நடுவுல தானா நின்னுக்கும்.

லாஸ், அதாவது பயிற்சில குறைக்க வேண்டிய எண், அதுதான் இதுல உயிர். லேபிளே, அதாவது முன்கூட்டியே குடுக்குற சரியான விடையே, வேணாம். ஒவ்வொரு யூசரோட சிக்னலையும் (கெயின் பெருக்கல் பவர்) அடுத்தவர் குறுக்கீடு கூட்டல் நாய்ஸால வகுத்து, 1 கூட்டி, அடிமானம் 2க்கு லாக் எடுங்க, அதான் ரேட், அதாவது டேட்டா போற வேகம். ரெண்டையும் கூட்டி மைனஸ் போட்டா லாஸ் ரெடி. பயிற்சிக்கு ஆடம் ஆப்டிமைசர், லேர்னிங் ரேட் (ஒவ்வொரு படியோட அளவு) 0.001. ஒரு யூசரோட ரேட் 1ஐத் தாண்டவே மாட்டேங்குதா? குறுக்கீட்டுல சொந்த சிக்னலையும் சேர்த்துட்டீங்க. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போச்சு, எர்ரரும் வராது பாருங்க.

இப்ப ஏன் 2 யூசர்னா, இதுக்கு சரியான விடை ஏற்கனவே தெரியும். ரெண்டு பேரும் ஃபுல் பவர், முதல் ஆள் மட்டும், ரெண்டாவது ஆள் மட்டும், இந்த மூணுல ஒண்ணுதான் எப்பவும் பெஸ்ட். புது சாம்பிள்ல மூணையும் கணக்கு போட்டு பெரிசை எடுத்து, அந்த சராசரியோட நெட்வொர்க்கோட சராசரியை ஒப்பிடுங்க. ரொம்ப தள்ளி நின்னா கெயினுக்கு லாக் எடுத்து இன்புட்டா குடுத்துப் பாருங்க.

இது ஒத்துப்போனா 4 யூசருக்குப் போங்க, 16 இன்புட். அங்க அந்த ஆன்-ஆஃப் விதி எப்பவும் செல்லாது, டபிள்யூஎம்எம்எஸ்இயோடதான் ஒப்பிடணும். இன்னொண்ணு, சேனல் மோசமான ஆளுக்கு நெட்வொர்க் கூசாம 0 குடுத்துடும், மொத்தத்தைக் கூட்டச் சொன்னது நாமதானே. அது பிடிக்கலன்னா ரேட்டைக் கூட்டாம ஒவ்வொரு ரேட்டோட லாகையும் கூட்டுங்க, மொத்தம் கொஞ்சம் குறையும், ஆனா யாரும் பட்டினி கிடக்க மாட்டாங்க.