சீன முதலாளியை எப்படிக் கூப்பிடுவது?

கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். மெஷின் சீனாவிலிருந்து வந்தது. முதல் கடிதத்திலேயே தப்பு: பெயரின் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நினைத்து எழுதிவிட்டேன்.

அங்கே குடும்பப் பெயர்தான் முதலில். மரியாதைச் சொல் அதற்குப் பின்னால். நம்ம ஊர் 'பாண்டி அண்ணன்' போலவே 'வாங் சியன்ஷெங்'. 'வாங்' குடும்பப் பெயர், 'சியன்ஷெங்' என்றால் முன்னே பிறந்தவர் என்று அர்த்தம். பெண்களுக்கு 'நியூஷி'. 'மிஸ்' என்பது போன்ற 'சியாவ்ஜியே' வேண்டாம், பல ஊர்களில் அதற்குக் கெட்ட அர்த்தம் ஒட்டிக்கொண்டது.

பதவி தெரிந்தால் அதையே சொல்லுங்கள். மேனேஜர் 'வாங் ஜிங்லி', முதலாளி 'வாங் ட்சோங்'. துணை மேனேஜரையும் மேனேஜர் என்றே அழைப்பது வழக்கம். துணை என்று பொருள்தரும் 'ஃபு'வை விட்டுவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், 'ஃபு' என்ற ஒலியில் குடும்பப் பெயரும் உண்டு. பாவம், அந்த முதலாளியை 'ஃபு ட்சோங்' என்றால் காதில் துணை முதலாளி என்றுதான் விழும்.

பேரரசருக்கு 'பிஷியா', அதாவது 'படிக்கட்டின் கீழே'. அவரை நேரே விளிக்காமல், படியடியில் நிற்கும் ஏவலரிடம் சொல்வதாகப் பாவனை. நமக்கு அது தேவைப்படாது.

மெஷின் பொருத்த வருபவர் 'ஷிஃபு', நம்ம மேஸ்திரி மாதிரி. எங்களிடம் வந்தவர் அதைக் கேட்டதும் சிரித்துவிட்டு இரண்டாவது ஜிகர்தண்டாவும் குடித்தார்.

சரி, உங்கள் பெயரை அனுப்பும்போது இனிஷியலை எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, ஒன்றரை வருஷமாக 'எம் ட்சோங்' ஆக இருக்கிறேன்.