பெல்ஜியத்தில் ரயில் ஏறும் முன்

பெல்ஜியத்தில் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் ஆட்சிமொழிகள். ரயில் மொழி எல்லையைத் தாண்டியதும் அறிவிப்பின் மொழி மாறிவிடும், ஊர்ப் பெயரும்கூட. பிரெஞ்சில் மோன்ஸ் என்கிற ஊர் டச்சில் பெர்கன். இரண்டுமே மலையைக் குறிக்கும் சொற்கள்தான், ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு வேறு ஊர் போல இருக்கும். லியேஜ் என்பது லாய்க். பக்கத்துப் பிரான்சின் லீல்கூட ரைசல் ஆகிவிடும்.

அதனால் போகும் ஊரின் இரண்டு பெயரையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், சாலைப் பலகையில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும். பிரஸ்ஸல்ஸில் டச்சு, பிரெஞ்சு இரண்டிலும் எழுதியிருப்பார்கள்.

அப்புறம், டச்சு பேசும் ஆண்ட்வெர்ப், கென்ட் நகரங்கள் பக்கம் வழி கேட்டால் பிரெஞ்சில் தொடங்க வேண்டாம். டச்சில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேளுங்கள்.