துறைத்தலைவர் ஆனவுடன் பழக வேண்டியது

துறைத்தலைவர், டீன், முதல்வர் என்று எந்தப் பொறுப்புக்கு வந்தாலும் விதிகளையும் கோப்புகளையும் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். கோபத்தோடு உள்ளே வருகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை நீங்களாகத்தான் பழக வேண்டும், அதுவும் முதல் வாரத்திலிருந்தே.

தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறனான உணர்வுசார் நுண்ணறிவு பற்றி 1990-இல் ஜான் மேயரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதிய பீட்டர் சலோவே, பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத் தலைவரானார். 2015 நவம்பரில் இனப் பாகுபாட்டை எதிர்த்து மாணவர்கள் கொதித்தபோது அவர்களோடு உட்கார்ந்து நேரம் ஒதுக்கிக் கேட்டார், பல்கலைக்கழகம் தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார், அதே மாதத்தில் பண்பாட்டு மையங்களின் நிதியை இரட்டிப்பாக்குவதாக அறிவித்தார். கேட்டது, ஒப்புக்கொண்டது, செய்தது, மூன்றும் இருந்தன. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள், அது கேட்காமலே இருப்பதைவிட மோசம் என்பேன். அடிமை முறையை ஆதரித்த அமெரிக்க அரசியல்வாதி கால்ஹவுனின் பெயரை யேலின் ஒரு கல்லூரிக்கு அப்படியே வைத்திருப்போம் என்று 2016-இல் அறிவித்தவரும் அவர்தான்; எதிர்ப்பு வலுக்கவே, பெயர் மாற்றத்துக்கான நெறிகளை வகுக்கக் குழு அமைத்தார், 2017 பிப்ரவரியில் அந்தப் பெயர் போய் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பெயர் வந்தது. முடிவை மாற்றினால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

சரி, உங்கள் அறையில் என்ன செய்வது? உதவித்தொகைப் படிவத்தில் நெறியாளர் கையெழுத்துப் போடவில்லை என்று ஓர் ஆய்வு மாணவி அழுதுகொண்டு வந்தால், விதியை விளக்கத் தொடங்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள், அப்புறம் எந்தத் தேதிக்குள் யாரிடம் பேசப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நெறியாளர் தரப்பையும் தனியாகக் கேளுங்கள். மாணவி புகார் சொன்னார் என்று அவரிடம் ஆரம்பித்தால், அந்த மாணவிக்கு ஆய்வுக்கூடத்தில் நிம்மதி இருக்காது.

துறைக் கூட்டத்தில் கௌரவ விரிவுரையாளர்களை முதலில் பேசவிடுங்கள். தலைவர் கருத்துச் சொல்லிவிட்டால், வேலை நிரந்தரமில்லாத யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பாராட்டைக் கூட்டத்தில் சொல்லுங்கள், கண்டிப்பதைத் தனியறையில் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் எழுதிய மெமோவுக்கு அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், மறுநாள் காலையில் படித்துவிட்டு முடிவெடுங்கள். அலுவலக உதவியாளரிடம் வாரம் ஒருமுறையாவது நின்று பேசுங்கள், உங்களிடம் யாரும் சொல்லத் துணியாத பிரச்சினை பெரும்பாலும் அவர் காதுக்கு முன்பே போயிருக்கும். அவர் சொன்னதை யாரிடமும் அவர் பெயரோடு சொல்லாதீர்கள்.