பாங்காக் ஏடிஎம்மில் நான் அமுக்கிய தப்பான பொத்தான்

பாங்காக்கில் இறங்கிய அன்றைக்கே ஏடிஎம்மில் 10,000 பாட் (தாய்லாந்துப் பணம்) எடுத்தேன். கடைசியில் திரையில் ஒரு மாற்று விகிதத்தைக் காட்டி, உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழியும், சம்மதமா என்று கேட்டது. வேண்டாம் என்றால் பணமே வராதோ என்ற பயம், பின்னால் நாலு பேர் வரிசையில் வேறு, ரூபாயில் தெரிந்தால் நல்லதுதானே என்று சம்மதம் அமுக்கிவிட்டேன்.

அறைக்கு வந்து பார்த்தால் ஒரு பாட்டுக்கு 2.58 ரூபாய் போட்டிருக்கிறது. அன்றைய விலை 2.38தான். மொத்தம் 2,000 ரூபாய் கூடுதல்!

அடுத்த முறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு சம்மதமில்லை என்பதை அமுக்கினேன். பணம் ஜம்மென்று வந்தது. மறுப்பது அந்த மெஷினின் மாற்று விகிதத்தை மட்டும்தான், பணத்தை இல்லை. மாற்றுகிற வேலையை நம் கார்டு தரப்பே பார்த்துக்கொள்ளும். அதற்கு என் வங்கி 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடித்தது, அப்படியும் சுமார் 1,000 ரூபாய் மிச்சம். எப்படி எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த ஏடிஎம்முக்கு 220 பாட் தனியாக அழ வேண்டியிருந்ததால், சில்லறை சில்லறையாக எடுப்பதையும் விட்டேன்.

கடைகளில் கார்டு கொடுத்தாலும் இதே கதைதான். ஒரு துணிக்கடையில் அந்தப் பையன் என்னைக் கேட்காமலே ரூபாயைத் தேர்ந்தெடுத்துவிட்டான், நல்லவேளை கையெழுத்துக்கு முன்னால் சீட்டைப் பார்த்தேன். ரத்து செய்யச் சொல்லி, “பாட், பாட்” என்று விரலால் காட்டி மறுபடி போட வைத்தேன்.