கன்ட்ரி பாடகருக்குச் சுயசரிதை எழுதித் தருவது எப்படி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், கன்ட்ரி என்கிற நாட்டுப்புறச் சாயல் இசையைப் பாடுகிறவர்களுக்குச் சுயசரிதை எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பார்கள். ரெக்கார்டரை எங்கே வைப்பது என்பதிலிருந்து என்பேன்.

டூர் பஸ்ஸில் வைக்காதீர்கள். ஷோ முடிந்த நள்ளிரவில் ஒரு பெரியவர், அண்ணன் செத்த கதையை முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னார். மறுநாள் போட்டுக் கேட்டால் ஜெனரேட்டர் உறுமல்தான் இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். சொன்னார், மேடையில் சொல்வது மாதிரி. முதல்நாள் குரல் வரவேயில்லை. அன்றிலிருந்து அவரவர் வீட்டுச் சமையலறை மேஜைதான், காலைக் காபியோடு. ரெக்கார்டரும் இரண்டு.

மேடைப் பேச்சுதான் பெரிய தொல்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவே நாற்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான கதைகள் அவை. ‘கஷ்டப்பட்டீர்களா?’ என்றால் அதையேதான் எடுத்து விடுவார்கள். கிடார் மாதிரி ஏதாவது ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் முதல் கிடார், கணவர் சியர்ஸ் கடையில் வாங்கிக் கொடுத்த 17 டாலர் ஹார்மனி கிடார். விலை ஞாபகம் வந்துவிட்டால் காசு எங்கிருந்து வந்தது, முதலில் யார் கேட்டார்கள் என்று மீதியும் பின்னாலேயே வரும்.

லொரெட்டா கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 13 வயதில் கல்யாணம் என்றுதான் 1976இல் வந்த அவருடைய சுயசரிதை சொன்னது. 2012இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்ததில், அவர் பிறந்தது 1932, மணந்தது 15 வயதில் என்று தெரிந்தது. கூட எழுதிய ஜார்ஜ் வெக்ஸி லேசுப்பட்டவரல்ல, நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர். ஆகவே முதல் வாரமே கவுன்ட்டி (மாவட்ட) அலுவலகத்தில் பிறப்பு, திருமணப் பதிவுகளை வாங்கிவிடுங்கள். வயது இடித்தால் சண்டை போடாமல், யார் குறைக்கச் சொன்னார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். நல்ல அத்தியாயம் அங்கேதான் கிடைக்கும்.

கன்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் புல்வெட்டும் வண்டியில் ஏறிச் சாராயம் தேடிப் போன கதை தெரியுமல்லவா? அவர் சொன்னதில் அப்போதைய மனைவி ஷர்லி. பின்னாளில் அவரை மணந்த பாடகி டாமி வைனெட் சொன்னதில், அந்த மனைவி டாமியேதான். இப்படி இரண்டு வந்தால் ஒன்றாக்கி ஒட்டாதீர்கள். யார் சொன்னது எது என்று எழுதிவிட்டுப் போங்கள்.

பாட்டு வரிகளை அச்சிட, அவரே எழுதியதானாலும், உரிமை வைத்திருக்கும் பப்ளிஷிங் கம்பெனியிடம் அனுமதி வேண்டும். முன்கூட்டியே கடிதம் போடுங்கள். அட்டையில் உங்கள் பெயர் வருமா என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பெரியவருக்கு, ‘வறுமை எங்களை வாட்டியது’ என்று படித்தேன். கையை நீட்டிப் பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்தார்.

“பசிச்சுதுன்னு போடு” என்றார்.

போட்டேன்.